கதவு மஹ்ரூப்

மூன்றாவது சிலிண்டர் முடிந்து மேலே வந்ததும் மஹ்ரூப் ஒரு பக்கற் பிஸ்கட்டை உடைத்து முழுவதையும் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, நாலாவது சிலிண்டரை முதுகில் கட்டச் சொன்னார்.

"மூண்டு போதும் மச்சான்," என்றார் போட்டை ஓட்டிய ஸப்ராஸ். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே போட்டில் தொழில் செய்தவர்கள்.

"கீழ அப்படியே கிடக்குது மச்சான். நாளைக்கு வேற போட் வந்து அள்ளிக்கொண்டு போயிடும். ஒரே ஒரு சுத்து."

2011 பெப்ரவரி அது. கற்பிட்டிக்கு வெளியே ஆழக்கடல். மஹ்ரூப்புக்கு இருபத்தேழு வயது. பள்ளிவாசல்துறையில் பிறந்து, பதினெட்டு வயதிலிருந்து கடலட்டை குளிக்கிறவர், அதாவது மூழ்கி எடுக்கிறவர். அட்டை என்பது கடலடி மணலில் தடித்த வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்கும் ஒரு உயிர். அதை அவித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் ஊரில் அதை யாரும் வாயில் வைப்பதில்லை. ஆனால் அதற்காகப் பதினைந்து பாகம், தொண்ணூறு அடி, ஆழத்துக்கு இறங்கி ஏறுகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்த காலம்.

நாலாவது தடவை அவர் கீழே இருந்தபோது காற்று நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. மேலே வரும்போது இடையிடையே நின்று நின்று வரவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நிற்பதற்கு மூச்சு இருக்கவில்லை. நேரே மேலே வந்தார்.

போட்டில் ஏறியபோது ஒன்றும் தெரியவில்லை. பையில் இருந்த அட்டையைக் கொட்டிக் காட்டினார். கொஞ்சநேரத்தில் தோள் குத்துகிறது என்றார். பிறகு காலில் எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஸப்ராஸ் என்ஜினை இழுத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, மஹ்ரூப் தன் வலது தொடையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஸப்ராஸ், இது என்ட கால்தானே?"

பழைய குளிகாரர்கள் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. அப்படியானவரை இன்னொரு சிலிண்டரோடு திரும்பவும் தண்ணீருக்குள் கொண்டுபோய் வைத்திருப்பது. சிலர் அதில் எழும்பி நடந்திருக்கிறார்கள். ஸப்ராஸ் என்ஜினை நிறுத்திவிட்டு, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் தண்ணீருக்குள் இருந்தார். மஹ்ரூப் எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் விளக்கினார். வேகமாக மேலே வந்ததால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகி, முள்ளந்தண்டு நரம்பில் போய் அடைத்துவிட்டன. அதற்கென்று காற்றழுத்த அறை உள்ள இடத்துக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க இரண்டு நாள் எடுத்தது. கைகளில் இருந்த மரமரப்பு போனது. மார்புக்குக் கீழே ஒன்றும் திரும்பி வரவில்லை.

அவருடைய மனைவி றுமானாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மடியில் எட்டு மாதப் பிள்ளை நஸ்லா. றுமானாவின் குடும்பம் மன்னாரிலிருந்து தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு புலிகளால் வெளியேற்றப்பட்டுக் கரைத்தீவில் வந்து குடியிருந்த குடும்பம். விபத்து நடந்து மூன்றாம் மாதம் அவருடைய வாப்பா பாறூக், வாடகை வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல்துறைக்கு வந்தார். மஹ்ரூப் அப்போது கொழும்புப் பக்கம் ஒரு மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் இருந்தார். றுமானா வீட்டில் தனியாகத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மகள், உடுப்புகள எடுங்க. போவம்," என்றார் பாறூக். "நீங்க பிரிஞ்சு வாறதப் பத்தி நான் காழியாரோட கதைச்சிட்டன். மார்க்கத்துல இதுக்கு வழி இரிக்கி. உங்களுக்கு இன்னும் வயசு கிடக்குது."

றுமானா தையல் மெஷினை நிறுத்தவில்லை. கையில் இருந்த துணியை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"வாப்பா, நீங்க மன்னாருல விட்டுட்டு வந்த வீட்டைப் பத்தி இருவது வருசமாச் சொல்லிச் சொல்லி அழுறீங்க. அது உங்கள வெளியே போகச் சொன்ன வீடு. என்னய ஆரும் போகச் சொல்லல்ல. நானாவே விட்டுட்டு வந்தா, நான் ஆர்ட்டச் சொல்லி அழுற?"

பாறூக் வான்காரனுக்கு ஒரு பிளேன்டீ கொடுக்கச் சொல்லி, தானும் ஒன்று குடித்துவிட்டு, பேத்தியைக் கொஞ்சிவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை அரிசியும் கருவாடும் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் மஹ்ரூப் நல்ல நோயாளியாக இருக்கவில்லை. கைகளுக்குப் பயிற்சி செய்யச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். வார்டில் பெரும்பாலானோர் யுத்தத்தில் காயப்பட்ட சிங்கள ஆமிக்காரர்கள். மஹ்ரூப்புக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அது மீன் ஏலத்தில் பழகிய சிங்களம். விலை பேசலாம், திட்டலாம், மனதில் உள்ளதைச் சொல்ல வராது. அதனால் பேசாமலே கிடந்தார்.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம் போல, யாரோ அவரை முற்றத்து நிழலில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஆமிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சக்கர நாற்காலிகளில் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மஹ்ரூப் பந்தைப் பார்க்கவில்லை. கதிரைகளைத்தான் பார்த்தார். அவர் அமர்ந்திருந்த ஆஸ்பத்திரிக் கதிரை பாரமானது, திருப்புவதற்கே தோள் வலிக்கும். அவர்களுடைய கதிரைகளின் சில்லுகளோ மேலே உட்பக்கமாகச் சாய்ந்து கீழே அகன்று நின்றன. ஒரு கையால் தட்டினால் அந்த இடத்திலேயே சுழன்றன. நல்ல சுக்கான் உள்ள போட் மாதிரி.

"அதுல ஒண்டை எனக்குத் தாங்க, ஒரு சுத்து ஓடிப் பாக்க," என்று கேட்டார்.

"விளையாடுறவங்களுக்கு மட்டுந்தான் இது," என்றான் நீண்ட கைகளுள்ள ஒருவன். பெயர் லலந்த. கல்கமுவைக்காரன், கோப்ரல். கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் போனவன். மஹ்ரூப்பைவிட இரண்டு வயது கூட.

"அப்ப நானும் விளையாடுறன்."

அப்படித்தான் தொடங்கியது. பந்து மேல் ஆசையே கிடையாது. அது அவருடைய மடியில் வந்து விழும்போதெல்லாம், கையில் ஒட்டிய தாரை உதறுகிற மாதிரிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு ஓடுவார். கூடைக்கு எறிந்து பார்த்தபோது பந்து பாதித் தூரம்கூடப் போகவில்லை. மார்புக்குக் கீழே பிடிமானம் இல்லாத உடம்பு. எறிகிற கையின் பலத்தைத் தாங்க வயிறு வேண்டுமே. இரண்டு தடவை எறிந்த வேகத்தில் கதிரையோடு பின்பக்கம் விழுந்தார்.

ஆனால் ஒரு விஷயத்தை லலந்த கவனித்தான். மஹ்ரூப் யாருடைய பாதையில் கதிரையைக் கொண்டுபோய் வைத்தாரோ, அவரால் அதற்கு மேல் போக முடியவில்லை. முட்டவும் மாட்டார், அவசரப்படவும் மாட்டார். எதிராளி எந்தப் பக்கம் வெட்டப் போகிறான் என்று அவன் முடிவெடுக்கும் முன்பே அங்கே போய் நிற்பார். முதுகுக்குப் பின்னால் வருகிறவனைக்கூடத் திரும்பாமல் அறிந்துகொள்வார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று லலந்த கேட்டான்.

"கடலுக்குக் கீழ திரும்பிப் பாக்க நேரமில்லையே ஐயே," என்றார் மஹ்ரூப். ஐயே என்றால் சிங்களத்தில் அண்ணன்; லலந்த அவரை மல்லி, தம்பி, என்பான்.

இந்த விளையாட்டின் ஒரு விதியை இங்கே சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மஹ்ரூப்பின் வாழ்க்கை விளங்காது. எனக்கும் பல வருடம் விளங்கவில்லை. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் ஒவ்வொருவருடைய உடம்பையும் சோதித்து அவருக்கு ஒரு இலக்கம் கொடுப்பார்கள். உடம்பு அதிகம் வேலை செய்கிறவருக்கு நாலு, நாலரை. மிகக் குறைவாக வேலை செய்கிறவருக்கு ஒன்று. களத்தில் நிற்கும் ஐந்து பேருடைய இலக்கங்களையும் கூட்டினால் பதினாலைத் தாண்டக்கூடாது. லலந்த நாலு. மஹ்ரூப் ஒன்று. உயரமாக எறிகிற நாலுகாரர்கள் களத்தில் இருக்கவேண்டுமென்றால் ஒன்றுகாரர்களும் இருந்தாக வேண்டும். பொதுவாக ஒன்றுகாரர்களை யாரும் கவனிப்பதில்லை. அவர்களுடைய வேலை, எதிராளியின் பாதையை மறித்து, தன்னுடைய ஆள் எறிவதற்கு இடம் எடுத்துக் கொடுப்பது.

மஹ்ரூப் அந்த வேலையை எடுத்தார். ஆமிக்காரர்கள் அவருக்கு "தொர" என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் கதவு. எதிரணி ஓடி வரும்போது, "தொர வஹபங்!" என்று கத்துவார்கள். கதவைச் சாத்து! மஹ்ரூப் சாத்துவார்.

ஒருமுறை அவர்களில் மூன்று பேர் பள்ளிவாசல்துறைக்கு வந்து, "தொரவின் வீடு எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது துரை என்று விளங்கியது. ஆமிக்காரர்களே மஹ்ரூப்பைத் துரை என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்களாம் என்ற கதை ஒரு கிழமை முழுக்க ஓடியது. மஹ்ரூப் திருத்தவில்லை.

ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது பெரிய பிரச்சினை மணல்தான். எங்கள் ஊரில் வீட்டு வாசலைத் தாண்டினால் மணல். சில்லு அரையடி புதையும். கொழும்பில் உள்ள தங்களுடைய கழகத்தில் சேர்ந்து விளையாடும்படி லலந்த போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். விளையாடப் பழகுவதற்கு ஒரு தளம் வேண்டுமே. எத்தாளைப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு இறால் பண்ணையை ஸப்ராஸ் கண்டுபிடித்தார். நோய் வந்து இறால் செத்து, முதலாளி விட்டுவிட்டுப் போன இடம். அதில் இறால் தரம் பிரிக்கிற ஒரு பெரிய சீமெந்துத் தளம் வெடிப்பில்லாமல் இருந்தது. ஸப்ராஸ் அப்போது கடலை விட்டுவிட்டு ஓட்டோ ஓட்டத் தொடங்கியிருந்தார். ஏன் கடலை விட்டார் என்று அவரும் சொல்லவில்லை, மஹ்ரூப்பும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் மஹ்ரூப்பைத் தூக்கி ஓட்டோவில் வைத்து, கழகம் கொடுத்த விளையாட்டுக் கதிரையை மேலே கட்டிக் கொண்டுபோய் விடுவார்.

மறிப்பதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். ஸப்ராஸ் இரண்டு நாள் முயன்றார். அவருக்குக் கதிரை ஓட்ட வரவில்லை. மூன்றாம் நாள் றுமானா வந்தார். ஆஸ்பத்திரி கொடுத்த பழைய கதிரையில் அமர்ந்து, அபாயாவின் ஓரம் சில்லில் சிக்காமல் இரு பக்கமும் இழுத்து அடியில் செருகிக்கொண்டார்.

"அந்தச் சுவரைத் தொட்டா நான் வெண்டேன். சரியா?"

"தொடுங்க பாப்பம்."

முதல் மாதம் ஒரு நாளும் தொடவில்லை. இரண்டாம் மாதம் றுமானா ஏமாற்றப் பழகினார். இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் வெட்டுவார். "நஸ்லா அழுகுது, கேட்குதா?" என்று சொல்லிவிட்டு ஓடுவார். ஒரு பொம்பிளை இப்படிக் கதிரை ஓட்டி விளையாடுவது சரியா என்று ஊரில் இரண்டொருவர் பேசினார்கள். றுமானா அவர்களில் ஒருவரை வழியில் மறித்து, "நீங்க வந்து இருந்தா நான் எழும்பிடுறன்," என்றார். அவர் வரவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மஹ்ரூப் கழகப் பயிற்சிக்காக பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தார். கண்டக்டர்மார் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு கதிரையை மடிக்கப் பழகினார்கள். 2014இல் தேசிய அணியில் அவருடைய பெயர் வந்தது. அந்த அணியில் ஆமியிலோ கடற்படையிலோ இல்லாத ஒரே ஆள் அவர்தான். அடுத்த வருடம் தாய்லாந்தில் ஒரு போட்டிக்குப் போனார்கள்.

அங்கேதான் அது நடந்தது.

முதல் இரண்டு போட்டிகளில் மஹ்ரூப் எதிரணிகளை அப்படி மறித்தார். கதிரையோடு உடம்பை இறுக்கிக் கட்டியிருந்தார். சுழலும்போது தோளால் உடம்பைத் தூக்கி, கழுத்தால் பாரத்தை மாற்றி, விழாமல் திரும்பும் ஒரு வித்தையை இறால் பண்ணையில் நாலு வருடமாகச் செய்து செய்து பிடித்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அவருடைய வயிறு வேலை செய்கிற மாதிரியே இருக்கும். எதிரணி ஒன்று முறைப்பாடு கொடுத்தது. இந்த ஆள் ஒன்று இல்லை, குறைந்தது இரண்டு இருக்கவேண்டும், திரும்பவும் சோதியுங்கள் என்று.

இரண்டு என்று முடிவானால் கூட்டல் பதினாலைத் தாண்டும். லலந்த களத்தில் நின்றால் மஹ்ரூப் வெளியே இருக்கவேண்டும். அணி முழுவதும் கவலைப்பட்டது.

மஹ்ரூப்புக்கு வந்தது வேறு கவலை. மதியம் லுஹர் தொழுத கையோடு வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"றுமானா, இவங்க சொல்றாங்க, என்ட வயிறு வேலை செய்யுதாம்."

மறுபக்கம் தையல் மெஷின் நின்றது. "உங்களுக்கு உணர்ச்சி தெரியுதா? ஏதாச்சும்?"

"தெரியா. சில நேரம் திரும்பக்குள்ள உள்ளுக்கு ஏதோ பிடிக்கிற மாதிரி இரிக்கி. அது தோளா, வயிறா எண்டு எனக்கே பிடிபடுதில்ல. டொக்டர்மார்ட கணக்கும் பிழைக்கலாந்தானே?"

"பிழைக்கலாம்," என்றார் றுமானா. பிறகு, "ஒளிக்காமப் பாருங்க," என்றார்.

சோதனை ஒரு சின்ன அறையில் நடந்தது. மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் நரை விழுந்த ஒரு பெண்தான் பொறுப்பு. மஹ்ரூப்பின் கட்டுகளை அவிழ்த்தார்கள். ஒரு பந்தைக் கொடுத்து, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார்கள். பிறகு முன்பக்கம் குனிந்து, கைகளை ஊன்றாமல் நிமிரச் சொன்னார்கள்.

விழ வேண்டும் என்பதே அணிக்கு நல்லது. மஹ்ரூப் விழாமல் இருக்கப் பார்த்தார். அதை அவர் என்னிடம் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். "அந்த நேரத்துல அணி நினைப்பு எனக்கு இல்ல. என்ட உயிர் முழுக்க வயித்துக்குப் போச்சு. எழும்பு, எழும்பு எண்டு."

நெஞ்சு தொடையில் போய் விழுந்தது. அந்தப் பெண் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். போதும் என்று சொல்லப்போனார். மஹ்ரூப் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒருதரம். விழுந்தார். திரும்பவும் விரலைக் காட்டினார். மூன்றாம் தரம் விழுந்தபோது அவர் நிமிர்த்தச் சொல்லிக் கேட்கவில்லை. அப்படியே மடிந்து கிடந்தார். அந்தப் பெண் அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாராம். பிறகு தாளில் ஒன்று என்று எழுதினார்.

வெளியே லலந்த காத்திருந்தான். அணியில் எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். லலந்த கை தட்டவில்லை. மஹ்ரூப்பின் கதிரையைத் தள்ளிக்கொண்டு நடையின் கடைசி வரைக்கும் போனான். அன்று அவன் செயற்கைக் கால்களைப் போட்டிருந்தான்.

"எழும்பப் பாத்தாய், என்ன?"

"ஓம்."

"எழும்பியிருந்தா நாளைக்கு நீ விளையாட ஏலாது."

"தெரியும் ஐயே."

லலந்த சுவரில் சாய்ந்து நின்றான். "மல்லி, எனக்கு ஆறு வருசமாச்சு. இன்னும் சில நாள் காலையில கட்டிலால இறங்கக்குள்ள கால் இருக்குதெண்டு நினைச்சு விழுறன்," என்றான். "மனுசிக்குக்கூடச் சொன்னதில்ல."

மறுநாள் மூன்றாமிடத்துக்கான போட்டி. எதிரணியில் மிக உயரமான ஒருவன் இருந்தான். கூடைக்குக் கீழே அவன் வந்து சேர்ந்தால் புள்ளி நிச்சயம். கடைசிப் பத்து நிமிடம் மஹ்ரூப் அவனை விடவே இல்லை. அவன் கத்தினான், நடுவரிடம் முறையிட்டான், ஒருதரம் கோபத்தில் தன் சில்லையே அடித்தான். அந்தப் பத்து நிமிடத்தில் அவன் மூன்று தடவைதான் கூடைக்குக் கீழே வந்தான். லலந்த எறிந்த பந்துகள் விழுந்தன. வென்றார்கள். லலந்தவைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் புத்தளம் மாவட்டச் செய்திகளைக் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புகிறவன். ஸ்கோர் விபரத்தை ஒருவரிடம் போனில் கேட்டு, செய்தி எழுதினேன். அதில் ஒரு வரி: "எமது மாவட்ட வீரர் மஹ்ரூப் இப்போட்டியில் புள்ளி எதனையும் பெறவில்லை."

பத்திரிகை வந்த அன்றே றுமானா போன் எடுத்தார்.

"நானா, நீங்க மட்ச் பாத்தீங்களா?"

"இல்ல தங்கச்சி."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு எத்தாளைக்கு வாங்க."

போனேன். தாய்லாந்திலிருந்து வந்த களைப்புக்கூடப் போகாமல் மஹ்ரூப் சீமெந்துத் தளத்தின் நடுவில் இருந்தார். றுமானா என்னைப் பழைய கதிரையில் இருக்கச் சொன்னார். "அந்தச் சுவரைத் தொடுங்க. தொட்டா நீங்க எழுதினது சரி."

எனக்குக் கால்கள் இரண்டும் இருக்கின்றன, வயிறு இருக்கிறது, அன்றைக்கு நல்ல சாப்பாடும் சாப்பிட்டிருந்தேன். முப்பது அடி தூரம். முக்கால் மணித்தியாலம் முயன்றேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் ஒரு கதிரை இருந்தது. அவர் என்னை முட்டவில்லை, தள்ளவில்லை. நான் போக நினைத்த இடத்தில் எனக்கு முன்பே இருந்தார், அவ்வளவுதான். கடைசியில் உள்ளங்கைத் தோல் உரிந்து, வேர்த்துக் கொட்டி, நிறுத்திவிட்டேன். மஹ்ரூப் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து, "குறை நினைக்காதீங்க, அவவுக்குக் கோவம்," என்றார். றுமானா தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அன்றைக்குத்தான் அந்த இலக்கக் கணக்கை றுமானா எனக்கு விளங்கப்படுத்தினார். அடுத்த கிழமை திரும்ப எழுதினேன். ஆசிரியர் அதைப் பாதியாக வெட்டித்தான் போட்டார்.

மஹ்ரூப் 2022 வரை விளையாடினார். எட்டு வருடமாகத் தேசிய அணியில் இருந்து அவர் போட்ட கூடைகள் மொத்தம் முப்பத்தெட்டு. லலந்த சில நேரம் ஒரே போட்டியில் அதில் பாதி போடுவான். ஆனால் மஹ்ரூப் இல்லாத நாட்களில் லலந்தவின் எண்ணிக்கை அரைவாசியாகக் குறைந்தது. அவருக்கு எதிராக விளையாடியவர்களைக் கேட்டால், அணி அறிவிப்பில் முதலில் தேடுவது அவருடைய பெயரைத்தான் என்பார்கள். கடற்படை அணியில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "லலந்தவுக்கு ஒரு திட்டம் போடலாம். தொரவுக்குப் போட ஏலாது. அவர் எங்கட திட்டத்துக்குள்ள வந்து இருப்பார்."

தோள்கள்தான் முடித்துவைத்தன. ஒரு உடம்பின் பாரம் முழுவதையும் பத்து வருடம் தோள்கள் சுமந்தால் என்ன ஆகும்? வலது தோளில் ஒபரேஷன் செய்தார்கள். நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த அந்த வருடம் பெற்றோலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, பயிற்சியும் இல்லை. மூன்று மாதம் கழித்து எல்லாம் திரும்பி வந்தபோது, தான் வரவில்லை என்று அவரே அறிவித்துவிட்டார். அதற்காக அவர் பெரிதாக வருந்தியதை நான் பார்க்கவில்லை. றுமானா வருந்தினார். இரண்டு மாதம் எத்தாளைப் பக்கமே போகவில்லை.

இப்போது அவர் பள்ளிவாசல்துறையில் சைக்கிள், சக்கர நாற்காலி திருத்துகிற கடை வைத்திருக்கிறார். இந்தக் கற்பிட்டித் தீபகற்பத்தில் அவருக்குப் பிறகும் ஐந்து குளிகாரர்கள் படுக்கையில் விழுந்திருக்கிறார்கள். இரண்டு பேர் அவரோடு சேர்ந்து விளையாடப் பழகினார்கள். ரிப்கான் என்று இன்னொருவன், இருபத்துமூன்று வயது. முதல்நாள் மஹ்ரூப் பந்தோடு போனபோது, "எனக்கு உங்கட விளையாட்டுக் கதை தேவையில்ல, போங்க நானா," என்று கத்திவிட்டுப் பந்தை ஜன்னலால் எறிந்தான். மஹ்ரூப் திரும்பவும் போனார், பந்தில்லாமல். அவனுடைய கதிரையின் டியூப்பை மாற்றிக் கொடுத்தார். அடுத்த தடவை பிரேக்கைச் சரிபண்ணினார். ரிப்கான் இன்றுவரை விளையாடவில்லை. கற்பிட்டிச் சந்தியில் போன் திருத்துகிறான். வெள்ளிக்கிழமைகளில் மஹ்ரூப்பின் கடையில் வந்திருந்து ஊர்க்கதை பேசுவான்.

போன வருடம் கொழும்பில் ஒரு விளையாட்டுச் சங்கம் பழைய வீரர்களைக் கௌரவித்தது. மஹ்ரூப்பையும் லலந்தவையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். பகல் பதினொரு மணிக்கு மண்டபத்துக்குள் போனோம். மேடைக்கு ஆறு படிகள். சாய்தளம் இல்லை. லலந்த செயற்கைக் கால்களோடு ஏறி, மேலே நாற்காலியில் இருந்தான்.

மஹ்ரூப்பின் பெயரைக் கூப்பிட்டபோது நாலு பொடியன்மார் ஓடி வந்து கதிரையைத் தூக்கக் குனிந்தார்கள். மஹ்ரூப் சில்லுகளைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தூக்க வேணாம்," என்றார் சிங்களத்தில். மீன் ஏலத்துச் சிங்களம் இல்லை, நல்ல சிங்களம். "நான் இங்கயே இருக்கிறன். தாறதை இங்க கொண்டு வரச் சொல்லுங்க."

ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் பிரதம விருந்தாளியைப் பார்த்தார். விருந்தாளி கேடயத்தைப் பார்த்தார். மண்டபத்தில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். என் பக்கத்தில் றுமானா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்லாவுக்கு அப்போது பதினாலு வயது. அவள் போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

முதலில் எழும்பியது லலந்த. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, வலது காலை வைத்து இடது காலைச் சேர்த்து, மெதுவாக இறங்கி வந்தான். ஆறு படிக்கும் நிறைய நேரம் எடுத்தது. மண்டபம் முழுவதும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு விருந்தாளியும் கேடயத்தோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் மேடையில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்க, கடைசியில் மேலே வெறும் கதிரைகளும் பூச்சாடியும்தான் மிஞ்சின.

கேடயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார் மஹ்ரூப். நீண்ட பேச்சு ஒன்றும் இல்லை. தன்னோடு விளையாடியவர்களின் பெயர்களைச் சொன்னார். ஸப்ராஸின் பெயரையும் றுமானாவின் பெயரையும் அணி வீரர்களின் பெயர்களுக்கு நடுவிலேயே சொன்னார். பிறகு, "அடுத்த முறை ஒரு பலகையாவது போட்டு வைங்க, லலந்த ஐயேக்கு முழங்கால் வலி," என்றார். சனம் சிரித்தது.

வெளியே வந்தபோது ஸப்ராஸ் வாசலில் நின்றார், கையில் பார்சல் சோறு. லலந்தவும் எங்களோடு வந்து, மரத்து நிழலில் வட்டமாக இருந்து சாப்பிட்டான். கல்கமுவைக்கு ஒருநாள் எல்லோரும் வரவேண்டும், குளத்து மீன் தருகிறேன் என்றான்.

"குளத்து மீனா?" என்றார் மஹ்ரூப். "கடலால வந்தவனுக்கா? நாங்க வரக்குள்ள மீனையும் கொண்டு வாறம்."